ஏழாவது ஆளுக்கு என்ன விலை

இலஞ்சி, மேலகரம் பக்கமெல்லாம் இப்போது பெண்கள் நீங்கள் உங்கள் வீட்டு மாடியைக் குற்றாலச் சீசனுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்திருக்கிறீர்கள். நல்லது. வீட்டுச் சாவி நம் இடுப்பில் கிடப்பது ஒரு தனித் தெம்புதான். ஆனால் என்னிடம் யோசனை கேட்டு வருகிற ஒவ்வொருத்தியும் ஒரே கேள்வியோடுதான் வருகிறாள்.

"ஆச்சி, சொன்ன ஆளுக்கு மேல கூட்டிட்டு வந்தா தலைக்கு எவ்வளவு போட?"

தொகையை நான் சொல்ல மாட்டேன். உன் வீட்டுக் கிணற்றின் ஆழம் எனக்குத் தெரியாது. அந்த விலை எதற்கு என்பதை மட்டும் சொல்கிறேன். அதையும் எனக்கு ஒருவர்தான் சொன்னார். போலீசில் இருந்த என் வீட்டுக்காரர் இறந்த பிறகு மாடியை வாடகைக்கு விட இறங்கியபோது, லாட்ஜ் நடத்திக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் இதே கேள்வியைத்தான் நானும் கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"கூடுதல் ஆளுக்கு வெல பாய்க்குன்னு நெனச்சியாட்டி? பாய் கெடந்த எடத்துல கெடக்கும். வெல கக்கூசுக்கு."

அந்த அம்மா சொன்னது அப்படியே சரி. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள். ஓர் ஆள் கூடினால் ஓர் ஆள் எண்ணெயும் கூடும். சுவரில் ஏறும், தலையணையில் ஏறும், சாக்கடையை அடைக்கும். அருவியில் தண்ணீர் அளவாக விழும் நாளில் எல்லாரும் வெளியே இருப்பார்கள், வீட்டுக்குத் தூங்கத்தான் வருவார்கள். மலையில் மழை பிடித்து, குளிக்கக் கூடாது என்று அருவியை அடைத்துவிட்டால் அத்தனை பேரும் வீட்டுக்குள். அன்றைக்குப் பார்த்து காற்றில் கரண்டும் போகும், மோட்டார் ஓடாது. வெளியே ஊரெல்லாம் தண்ணீர், உள்ளே குழாயில் சொட்டு வராது. கூடுதல் ஆளின் விலையை அந்த நாளை நினைத்து வைக்க வேண்டும். வெயில் நாளை நினைத்து வைத்தால் ஏமாந்து போவாய்.

இது தொழிலின் ஒரு பாதி. இன்னொரு பாதியைத் திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் தெரிந்துகொண்டேன். எழுத்துக் கூட்டித்தான் நான் படிப்பேன், கையெழுத்து மட்டும் போடுவேன். ஆகவே நான் சொல்லச் சொல்ல என் மருமகள் செல்வி எழுதுகிறாள். அவளும் அன்றைக்குக் கூட இருந்தவள், தப்பு வராது.

அந்தச் சீசன் தொடங்கும் முன்னால் வீடு விடுகிறவர்கள் எல்லாரும் கூடிப் பேசினோம். எங்கள் தெருவில் ஐந்து வீடு வைத்திருக்கும் ஒருவர் உண்டு. ஐந்து வீட்டுக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் வேன்களை மறித்து, "வீடு வேணுமா, ரூம் வேணுமா" என்று கேட்கும் பையன்மாரெல்லாம் அவர் சொல் கேட்பவர்கள். முந்தின சீசனில் அவர் வீட்டுக்கு ஐந்து பேர் என்று சொல்லிவிட்டு ஒரு கல்யாண வண்டியே வந்து இறங்கியிருந்தது. அந்தக் கோபம் அவருக்கு ஆறவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி போர்டு தொங்க வேண்டும் என்றார். கூடுதல் நபருக்கு முந்நூறு ரூபாய். மறைத்து அழைத்து வந்தால் இரட்டிப்பு, அப்போதே வெளியேற்றப்படுவார்கள்.

"விலை சரி தம்பி. அபராதம் எதுக்கு? வம்புக்கு ஒளிக்கவனும் உண்டு, வழியில்லாம ஒளிக்கவனும் உண்டுல்லா?" என்று கேட்டேன்.

"ஆச்சி, மூஞ்சியப் பாத்து விலை சொல்ல இது என்ன கத்திரிக்கா ஏவாரமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். போர்டு என் வாசலுக்கும் வந்தது.

ஆடி பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை, மத்தியானம் போல, அந்தக் குடும்பம் ஒரு வேனில் வந்து இறங்கியது. போனில் ஆறு பேர் என்று சொல்லியிருந்தார்கள். வேனை ஓட்டி வந்த புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், புருஷனின் அம்மா அப்பா. ஆறு பேரும் வாசலில் நின்று போர்டைப் படித்தார்கள். அந்தப் பெண் மட்டும் ஒரு தரம் படித்துவிட்டு வேனைத் திரும்பிப் பார்த்தாள். வேனின் கண்ணாடியில் துணி தொங்கியது.

காலையிலேயே மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டுவிட்டது. குளிக்கக் கூடாது என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டார்கள். வந்தவர்கள் எண்ணெய்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்து மழையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் கீழே வந்து, என் அடுப்பில் கொஞ்சம் கஞ்சி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். சோற்றைக் குழையக் குழைய மசித்தாள். ஆற்றினாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தூக்குப்போணியோடு வாசலுக்குப் போனாள்.

"யாருக்குட்டி கஞ்சி?" என்றேன்.

"அங்கன ஒரு நாயி கெடக்கு ஆச்சி. பாவம்."

நாய்க்குக் கஞ்சி ஊற்றுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். நாய்க்குச் சூடு பார்த்து, வாய் துடைக்கத் துண்டு கொண்டுபோகிறவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செல்விக்கும் புரிந்துவிட்டது. "அத்தை, வேன்ல ஆளு இருக்கு. போர்டுல போட்டிருக்கபடி வாங்கிருவோம். இன்னைக்கு விட்டா நாளைக்கு ஊரே சொல்லும், ஆச்சி வீட்டுல ஆளை ஒளிச்சு வச்சாக் கேக்க மாட்டாவன்னு."

"வாங்கலாம். மொதல்ல ஆளை உள்ள கூட்டுவோம்."

போய் வேன் கதவைத் திறந்து, "யாரு இது?" என்று கேட்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மாமனார் மாமியார் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் அப்புறம் யார் முகத்தில் முழிப்பாள்? கீழே என் அறையில் கட்டிலைத் தட்டிப் போட்டேன். அடுப்பில் வெந்நீர் வைத்தேன். "வேன்ல இருக்கவியளுக்கு வெந்நி போட்டாச்சு, கூட்டிட்டு வா" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவது என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வேன் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு போர்வை, பாதி குடித்த கஞ்சி. அந்தப் பெண் மழையில் நனைந்துகொண்டு தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டை அலச வீட்டின் பின்பக்கம் போய்த் திரும்புவதற்குள் ஆளைக் காணவில்லை.

"என்னட்டி?"

"பர்ஸு ஆச்சி. பர்ஸு விழுந்துட்டு."

அதற்குள் புருஷன்காரன் ஓடி வந்தான். தெரு முனையில் நின்ற போலீஸ்காரரிடம் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"என்ன தேடுதீக? கூட வந்தவங்க யாரையாவது காணலையா? மொத்தம் எத்தனை பேரு?" என்று அவர் கேட்டார். அருவி அடைத்த நாளில் அதுதான் அவர்கள் முதலில் கேட்கிற கேள்வி.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "ஆறு பேரு சார். எல்லாரும் இருக்கோம். பர்ஸுதான்" என்றான்.

போலீஸ்காரர் பர்ஸுக்காக நனைய மாட்டார். திரும்பிப் போகப் பார்த்தார். எங்கள் தெருவின் பின்னால் வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடுகிறது. எங்கேயோ ஒரு மனிதர் அதன் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறார். அவர் பெற்ற பெண்ணும் அவளைக் கட்டியவனும் அவர் இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார்கள். எதற்கு? என் வாசலில் தொங்கும் ஒரு தகரத்துக்குப் பயந்து.

"சார், ஏழு பேரு. ஒருத்தரைக் காணல. வயசானவிய" என்று நான் உரக்கச் சொன்னேன்.

அந்தப் பெண் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். "எங்க அப்பா ஆச்சி. அவுகளுக்கு ஞாபகம் நிக்காது. அருவித் தண்ணி தலையில விழுந்தா தெளியும்னு சொன்னாவ."

சத்தம் கேட்டு ஐந்து வீட்டுக்காரரும் வந்துவிட்டார். "பாத்தியளா ஆச்சி? ஒளிச்சுக் கூட்டியாந்து இப்ப தொலைச்சிட்டும் நிக்காவ. பெட்டியைத் தூக்கி வெளிய வையுங்க, போய்த் தேடட்டும். இவங்களை விட்டா அடுத்தவன் பத்து பேரை ஒளிப்பான்."

"தம்பி, பெட்டி எங்கயும் ஓடாது. ஆளுதான் ஓடுதாரு. நீரு வந்தா ஒரு கையி, வராட்டா வழிய விடும்."

அவர் வழியை விடவில்லை, கூடவே வந்தார். அதைச் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் கால் அருவிப் பக்கம்தான் இழுத்தது. போலீஸ்காரரும் அங்கேதான் தகவல் சொன்னார். அது அவர் வேலை. நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினேன். பதற்றத்தில் எல்லாரும் ஒரே திசையில் ஓடுகிறபோது ஒருத்தியாவது நின்று யோசிக்க வேண்டும். காணாமல் போனவருக்கு அருவி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் மழை.

"உங்க அப்பா சொகமா இருந்த காலத்துல மழை வந்தா என்ன செய்வாவ?"

"பிஞ்சைக் காட்டுக்கு ஓடுவாவ. எங்க ஊர்ல மழையே கெடையாது ஆச்சி. ஒரு தூத்தல் விழுந்தாலும் மம்பட்டியத் தூக்கிட்டு வரப்பு போட ஓடுவாவ."

திரும்பி என் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். தென்னைக்குப் பாத்தி வெட்டச் சாத்தி வைத்திருக்கும் மம்பட்டி அங்கே இல்லை.

வீட்டைச் சுற்றிக்கொண்டு வயல் பக்கம் ஓடினோம். ஓடினோம் என்றால் அவர்கள் ஓடினார்கள், நான் நடந்தேன். வாய்க்கால் வளையும் இடத்தில், கரையில் வயலுக்கு ஒரு வாய் வெட்டி, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்தப் பெரியவர் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் நின்ற கரையை அரித்துக்கொண்டிருந்தது. அவருக்கோ அத்தனை சந்தோஷம்.

"இம்புட்டுத் தண்ணியும் வீணாப் போகுதுல்லா! ஒரு பய எட்டிப் பாக்கலியே!"

"அப்பா, மேல வாங்க!" என்று மகள் கத்தினாள். அவர் கேட்கவில்லை. மருமகன் இறங்கப் போனான். அவர் மம்பட்டியை ஓங்கினார். "எவம்லே என் தண்ணியத் திருப்ப வாரது?" இன்னும் ஒரு கட்டி மண் சரிந்தது. ஐந்து வீட்டுக்காரர், "பின்னால போய்ப் பிடிச்சு இழுத்துருவோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். இழுத்தால் அவர் திமிறுவார். திமிறினால் கரை போகும்.

"யாரும் இறங்கக் கூடாது" என்றேன். கரையில் முன்னால் போய் நின்றேன். அவரிடம் கெஞ்சவில்லை, சண்டைக்குப் போகிறவள் மாதிரி இடுப்பில் கை வைத்தேன்.

"அண்ணாச்சி! உங்க முறை முடிஞ்சிட்டு. இப்ப என் முறை. என் வயல் காஞ்சு கெடக்கு, மம்பட்டியக் குடுத்துட்டு ஏறுங்க."

திருவேங்கடம் வானம் பார்த்த பூமியானாலும் அங்கேயும் கிணற்றுத் தண்ணீரைப் பங்காளிகள் முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். மகள் பேர் மறந்தவருக்கு அது மறக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உம்ம முறையா? அதச் சொல்ல வேண்டாமா தாயி? அடுத்தவன் தண்ணிய நான் ஒரு நாளும் எடுத்ததில்ல."

மம்பட்டியின் காம்பை என் பக்கம் நீட்டினார். நான் ஒரு முனையைப் பிடிக்க, ஐந்து வீட்டுக்காரர் என்னைப் பிடிக்க, அவர் அதைப் பற்றிக்கொண்டு கரை ஏறிவிட்டார். அவர் நின்ற இடம் கொஞ்ச நேரத்தில் தண்ணீரோடு போனது.

அவரைக் கீழ் அறையில் படுக்க வைத்தோம். வெந்நீர் தயாராகத்தானே இருந்தது. மாடியில் பெட்டி கட்டும் சத்தம் கேட்டது. புருஷன்காரன் கையில் பணத்தோடு இறங்கி வந்தான்.

"தப்புதான் ஆச்சி. போர்டுல உள்ளபடி இரட்டிப்பு. நாங்க கெளம்புதோம்."

"போன்லயே ஏழுன்னு சொன்னா என்ன?" என்று செல்வி கேட்டாள்.

அந்தப் பெண் முந்திக்கொண்டாள். "இவுக அம்மா அப்பாவை யாரும் எண்ணிக் கேக்கல மைனி. தன்னால கணக்குல வந்துட்டாவ. எங்க அப்பாவைச் சேக்கணும்னா நான் கேட்டுல்லா வாங்கணும்."

"நான் வேண்டாம்னா சொன்னேன்?" என்றான் அவன்.

"வேண்டாம்னு சொல்லல. சரின்னும் சொல்லல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாமியார்க்காரி மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

செல்வி என்னைப் பார்த்தாள். ஐந்து வீட்டுக்காரரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில்தான் நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பாவம் பார்த்து, "ஒன்றும் வேண்டாம், போங்கள்" என்று சொல்வது எனக்குச் சுலபம். சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் இனாமாகத் தங்கியவர் ஆகிவிடுவார். இரட்டிப்பு வாங்கினால் அவர் ஒரு குற்றம் ஆகிவிடுவார். இரண்டும் அவருக்கு மரியாதை இல்லை.

"ஒரு ஆளுக்கு உள்ள கூடுதல் விலையக் குடு. அதுக்கு மேல ஒத்த ரூவா வேண்டாம், கொறையவும் வேண்டாம். அவிய என் வீட்டுக்கு வந்த ஏழாவது ஆளு. கட்டில், வெந்நி, காப்பி எல்லாம் உண்டு. நாளைக்குக் காலைல அருவி தொறந்தாலும் தொறப்பான், இருந்து குளிச்சிட்டுப் போங்க."

அந்தப் பெண் தன் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். அவன் அவள் கையைத் தடுத்தான். "இரு. மாமாவுக்கு நான் தாரேன்" என்றான். அவன் கையிலிருந்தே வாங்கினேன்.

அன்றைக்கே போர்டை இறக்கினேன். ஐந்து வீட்டுக்காரர் மறுபடி எல்லாரையும் கூட்டினார். வாய்க்காலில் என்னைப் பிடித்த கையும் அவருடையதுதான், இப்போது என்னை நோக்கி நீண்ட விரலும் அவருடையதுதான். "ஆச்சி அபராதத்தை விட்டது நம்ம எல்லார் ரேட்டையும் ஒடைச்ச மாதிரி" என்றார்.

"ரேட்டை ஒடைக்கல. முழுசா வாங்கினேன். ஒளிச்சதுக்குத் தண்டனை குடுக்க நான் ஜட்ஜ் இல்ல, வீட்டுக்காரி. ஆளை ஒளிக்கச் சொல்லுத போர்டு இனி என் வாசல்ல தொங்காது."

"அப்பம் உங்களுக்கு வண்டி வராது ஆச்சி."

வரவில்லைதான். பஸ் ஸ்டாண்டுப் பையன்மார் என் தெருவைக் காட்டுவதை விட்டுவிட்டார்கள். ஆடி கடைசி வரை மாடிச் சன்னல் சாத்தியே கிடந்தது. "ஒரு வார்த்தை எறங்கிப் பேசினா என்ன அத்தை?" என்று செல்வி கேட்டாள். நான் தினமும் மாடியைக் கழுவி விட்டேன். ஆள் வராவிட்டாலும் வீடு வருகிறவர்களுக்குத் தயாராக இருக்க வேண்டும். மறுவருஷம் வண்டிகள் தானாக வந்தன. கைப்பிடித்து நடக்கிற பெரியவர்களோடு, சொகமில்லாத பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். பையன்மாரை நான் தேடிப் போகவேயில்லை.

அதற்காக ஏமாளியாக இருங்கள் என்று சொல்லவில்லை. அதே வருஷம் நாலு பேர் என்று பேசிவிட்டு வேன் நிறைய வந்த ஒரு கூட்டத்தை வாசலோடு திருப்பி அனுப்பினேன். மூன்று மடங்கு தருகிறோம் என்றார்கள். கக்கூஸ் தொட்டி தாங்காத ஆளுக்கு என்னிடம் விலையே கிடையாது என்றேன். விலை என்பது தாங்குகிற வரைக்கும்தான். அதற்கு மேலே வாசல் கதவுதான்.

ஆகவே கூடுதல் விலையைப் போனிலேயே சொல்லுங்கள், வாசலிலும் அதையே சொல்லுங்கள். போனை எடுத்ததும் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். யார் யார் வருகிறீர்கள் என்று கேளுங்கள். உங்க அம்மா அப்பா வாராவளா, அவுக அம்மா அப்பா வாராவளா, படி ஏற முடியாதவிய உண்டா, கீழ் ரூம் போட்டு வைக்கவா என்று ஒவ்வொருவராகக் கேளுங்கள். அந்தக் கடைசி ஆளின் பேர் தானாக வெளியே வரும்.

சாவியைச் செல்வி கையில் கொடுத்துவிட்டேன். போனை எடுப்பதும் இப்போது அவள்தான். இந்தச் சீசனுக்கு முதல் போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துவிட்டது.

"ஆச்சி இருக்காவளா? திருவேங்கடத்துல இருந்து பேசுதேன். எங்க அப்பா வாராவ. கூட நாங்க ஆறு பேரு."

செல்வி கீழ் அறையைப் பெருக்கப் போனாள். நான் எழுந்துபோய் மம்பட்டியை எடுத்து என் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். இந்த வீட்டில் இப்போது ஒளித்து வைப்பது அதை மட்டும்தான்.